வெளிநாட்டில் ஓராண்டு நிறைவு: தாயகம் திரும்பும் முன் கணக்கிட வேண்டியவை என்னென்ன?

புதுடெல்லி: வேலைக்காக வெளிநாடு சென்ற இந்தியர்கள், முதலாண்டு நிறைவடையும் தறுவாயில் ஒரு கேள்வியை எதிர்கொள்கின்றனர். அங்கேயே தொடர்வதா, தாயகம் திரும்புவதா? பெற்றோரின் முதுமை, பிள்ளைகளின் படிப்பு, அடைக்க வேண்டிய கடன் எனக் காரணங்கள் ஆளுக்கு ஆள் மாறுபடும். ஆனால் திரும்புவதென முடிவெடுத்த பலர், எந்தத் தேதியில் திரும்புவது என்பதை விமானக் கட்டணத்தை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கின்றனர். பணிக்கொடை, வருமான வரி, சுங்கச் சலுகை ஆகிய ஒவ்வொன்றுக்கும் சட்டம் தனித்தனிக் கால அளவை வகுத்துள்ளது. எனவே சில வார வேறுபாடுகூட ஆண்டுச் சேமிப்பில் ஒரு பகுதியைக் கரைத்துவிடக்கூடும்.

பணிக்கொடைக்கு ஓராண்டு கட்டாயம்

இந்தியர்கள் பெருமளவில் பணியாற்றும் ஐக்கிய அரபு அமீரகத்தில், தனியார் துறை ஊழியர் தொடர்ந்து ஓராண்டு பணியாற்றினால்தான் பணிக்கொடை பெற முடியும். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படை ஊதியம் வழங்கப்படும். அடிப்படை ஊதியம் 3,000 திர்ஹம் எனில், ஓராண்டுக்கான பணிக்கொடை 2,100 திர்ஹம். பதினோராவது மாதத்தில் விலகுபவருக்கு இத்தொகை கிடைக்காது. ஊதியமில்லா விடுப்பு நாள்கள் பணிக்காலத்தில் சேராது என்பதையும் கவனிக்க வேண்டும். வீட்டுப் பணியாளர்களுக்கும் சில சிறப்பு நிதி மண்டலங்களுக்கும் தனிச் சட்டங்கள் உள்ளன.

ஒப்பந்தப்படி 30 முதல் 90 நாள்கள் வரை முன்னறிவிப்புக் காலம் இருக்கலாம். எனவே பயணத் தேதியை அதற்கேற்பவே குறிக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்த 14 நாள்களுக்குள் நிலுவைத் தொகை முழுவதையும் நிறுவனம் வழங்க வேண்டும் என்கிறது அந்நாட்டுச் சட்டம்.

ஒரே ஓராண்டு, இருவேறு வரி

பலரும் அறியாத சிக்கல் வருமான வரியில் உள்ளது. வெளிநாட்டில் ஓராண்டு வசித்தாலே வரிச் சட்டத்தின்படி ஒருவர் வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிவிடுவதில்லை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான ஆண்டில் அவர் இந்தியாவில் தங்கிய நாள்களே கணக்கில் கொள்ளப்படுகின்றன.

ஓராண்டில் 182 நாள்கள் இந்தியாவில் இருந்தால் அவர் இந்தியாவில் வசிப்பவராகவே கருதப்படுவார். அந்த ஆண்டில் 60 நாள்களும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாள்களும் இந்தியாவில் இருந்தாலும் அதே நிலைதான். வேலைக்காகப் புறப்படும் ஆண்டில் இந்த 60 நாள் வரம்பு 182 ஆக உயர்த்தப்படுகிறது. ஆனால் நிரந்தரமாகத் திரும்பும் ஆண்டுக்கு அந்தச் சலுகை பொதுவாகப் பொருந்தாது.

எடுத்துக்காட்டாக, ஏப்ரல் முதல் வாரத்தில் வேலைக்குச் சென்று அடுத்த ஏப்ரலில் திரும்புபவர், முதல் ஆண்டில் வெளிநாடுவாழ் இந்தியர். அவ்வாண்டில் வெளிநாட்டில் பணியாற்றி அங்கேயே பெற்ற ஊதியத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. டிசம்பர் தொடக்கத்தில் சென்று அடுத்த டிசம்பர் தொடக்கத்தில் திரும்புபவரின் நிலை வேறு. புறப்பட்ட ஆண்டில் அவர் எட்டு மாதங்கள் இந்தியாவில் இருந்திருப்பார். திரும்பிய ஆண்டில் சுமார் நான்கு மாதங்கள் இருப்பார். ஆகவே இரு ஆண்டுகளிலும் அவர் இந்தியாவில் வசிப்பவர். வெளிநாட்டு ஊதியமும் இந்திய வரிக் கணக்கில் சேரும்.

அந்த டிசம்பர் பயணி பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்குப் பின் திரும்பினால், 60 நாள் வரம்பைத் தொடாமல் தவிர்க்க வாய்ப்புண்டு. இடையில் விடுமுறைக்கு வந்த நாள்களும் இதில் கூட்டப்படும். நெடுங்காலம் வெளிநாட்டில் வசித்துத் திரும்புவோருக்கு வெளிநாட்டு வருமானத்தின் மீது சில ஆண்டுகள் கிடைக்கும் வரிச் சலுகை, ஓராண்டில் திரும்புவோருக்குப் பெரும்பாலும் கிடைக்காது. வேறு நாட்டில் ஏற்கெனவே வரி செலுத்தியிருந்தால், இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தின்கீழ் நிவாரணம் கோரலாம். இதற்குப் பட்டயக் கணக்காளரின் ஆலோசனை அவசியம்.

வங்கிக் கணக்கும் சுங்கமும்

அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் நாள்களோடு நோக்கத்தையும் பார்க்கிறது. வேலைக்காகவோ காலவரையின்றித் தங்கவோ திரும்பிய ஒருவர், தமது என்ஆர்இ கணக்கை உள்நாட்டுக் கணக்காகவோ ஆர்எஃப்சி கணக்காகவோ மாற்றிக்கொள்ள வேண்டும். என்ஆர்இ வட்டிக்கான வரிவிலக்கும் அத்துடன் முடிவுக்கு வரும்.

ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புவோரில் பெண்கள் 40 கிராம் வரையும், மற்றவர்கள் 20 கிராம் வரையும் தங்க நகைகளைச் சுங்க வரியின்றிக் கொண்டுவரலாம். ஓராண்டு நிறையாதவர்களுக்கு இச்சலுகை இல்லை. பயணத்துக்கு முன் நடப்பு விதிகளைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

சில மறுவாழ்வுத் திட்டங்களுக்கு ஓராண்டு போதாது. கேரள அரசின் நோர்கா ரூட்ஸ் நிறுவனம், தாயகம் திரும்பியோர் சுயதொழில் தொடங்கக் கடனுதவியுடன் மானியம் பெற்றுத் தருகிறது. இதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வெளிநாட்டில் பணியாற்றியிருக்க வேண்டும்.

முடிவு உறுதியாகவில்லையா?

தயக்கத்தில் இருப்பவர்கள் விசாவை உடனே ரத்து செய்ய வேண்டியதில்லை. அமீரகத்தில் ஓராண்டு முடித்த ஊழியருக்கு ஊதியத்துடன் 30 நாள் விடுப்பு உண்டு. அந்த நாள்களில் ஊருக்கு வந்து, வேலைவாய்ப்பையும் குடும்பச் சூழலையும் நேரில் அறிந்தபின் முடிவெடுக்கலாம். ஆனால் தொடர்ந்து ஆறு மாதங்களுக்கு மேல் அந்நாட்டுக்கு வெளியே இருந்தால், வழக்கமான குடியிருப்பு அனுமதி செல்லாததாகிவிடும்.

ஊதிய நிலுவை, பணிச் சான்றிதழ், அசல் கல்விச் சான்றுகள் ஆகியவற்றைப் பெற்ற பின்னரே விசா ரத்துக்குக் கையெழுத்திட வேண்டும். நிறுவனம் ஊதியத்தையோ பாஸ்போர்ட்டையோ தர மறுத்தால், வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்திலும் இந்தியத் தூதரகத்திலும் புகார் அளிக்கலாம். நாடு திரும்பிய பின் அந்தத் தொகைக்காகப் போராடுவதைவிட, அங்கிருக்கும்போதே முறையிடுவது எளிது.