அப்பா பேர் கேட்டால் கூச வேண்டாம்! தாய் பேர் மட்டுமே போதும்

திருச்செந்தூர் –

மொட்டை போட, காது குத்த என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செந்தூர் வருகிறவர்கள் ஏராளம். அர்ச்சனைத் தட்டை நீட்டினால் பேரும் நட்சத்திரமும்தான் கேட்பார்கள்.

பிறப்புப் பதிவு அப்படி இல்லை. படிவத்தில் தகப்பன் பேருக்கு என்று ஒரு கட்டம் இருக்கிறது. கல்யாணம் ஆகாமல் பெற்றவள் அந்தக் கட்டத்தைக் கண்டு தயங்கிப் பதிவு செய்யாமலே இருந்துவிடலாம். அல்லது, “ஏதோ ஒரு பேரைப் போடுங்க சாமி” என்று சொல்லிவிடலாம். இரண்டுமே பிள்ளைக்குத்தான் வினை.

சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

இந்தச் சிக்கலுக்கு 2015 ஜூலை 6-ந்தேதியே விடை கிடைத்துவிட்டது.

டெல்லியில் கல்யாணமாகாத தாய் ஒருவர். சேமிப்புப் பத்திரத்தில் மகனை நாமினியாகப் போட நினைத்தார். “தகப்பன் பேரைச் சொல்லுங்கள், இல்லையேல் கார்டியன் உத்தரவு கொண்டு வாருங்கள்” என்றார்கள். கோர்ட்டுக்குப் போனால், தகப்பனுக்கு நோட்டீஸ் அனுப்பாமல் முடியாது என்று அங்கும் கைவிரிப்பு. டெல்லி ஐகோர்ட்டிலும் அதே கதை.

சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் விக்ரம்ஜித் சென், அபய் மனோகர் சப்ரே ஆகியோர் அதை மாற்றினார்கள். தகப்பன் யார் என்று சொல்லும்படி தாயை வற்புறுத்தக் கூடாது; கல்யாணமாகாத தாய் பிறப்புச் சான்றிதழ் கேட்டால் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட வேண்டும் என்றார்கள்.

2018-ல் மதுரை ஐகோர்ட்டு கிளையில் ஒரு திருச்சி வழக்கு. உயிரணு தானத்தால் கருத்தரித்த தாய்க்குச் சிகிச்சையின்போது உதவியவர் பேர், சான்றிதழில் தகப்பன் பேராக ஏறிவிட்டது. அதை எடுத்துவிட்டு, கட்டத்தைக் காலியாக விடச் சொன்னது கோர்ட்டு. தூத்துக்குடி மாவட்டத்துக்கும் மதுரைக் கிளைதான்.

மூன்று பேர்!

பொய்ப் பேர் போட்டால் என்ன ஆகும்? கேரளாவில் ஒருவருக்கு மூன்று சான்றுகளில் மூன்று விதமாகத் தகப்பன் பேர் இருந்தது. அதை நீக்க அவர் ஐகோர்ட்டு வரை ஏற வேண்டியதாயிற்று. 2022-ல் தாய் பேர் மட்டும் போட உத்தரவிட்ட நீதிபதி, பிறப்பு தெரியாமல் அவமானப்பட்ட கர்ணனை நினைவுபடுத்தினார்.

நமக்கு சர்நேம் வழக்கம் குறைவு. இனிஷியல்தான். தாய் பேரின் முதல் எழுத்து இனிஷியலானால் என்ன குறைந்துவிடும்? செந்தூரானுக்கே வளர்த்த கார்த்திகைப் பெண்கள் பேரால் ‘கார்த்திகேயன்’ என்ற பேர் உண்டு.

21 நாள் கெடு

குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு வரை அலைய வேண்டும். 2023 அக்டோபர் 1-ந்தேதிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்க்கவும் இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம்.

“இன்னும் பேரே வைக்கலையே” என்று தள்ளிப்போட வேண்டாம். பேர் இல்லாமலே பதியலாம். ஓராண்டுக்குள் பேர் சேர்க்கக் கட்டணம் கிடையாது.