இளையோர்க்கான போதைப்பொருள் தடுப்புத் திட்டங்களின் பயனை அளவிடுதல்: பண்டார் தெங்காராவை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

மலேசியாவில் 1983ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் போதைப்பொருள் நாட்டின் முதன்மைப் பகையாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னரே 1976இல் பெமாடாம் எனும் போதைப்பொருள் தடுப்புச் சங்கம் தோன்றியது. 1996இல் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனம் அமைந்தது. அன்றுதொட்டுப் பள்ளிகளில் சொற்பொழிவு, கண்காட்சி, சுவரொட்டிப் போட்டி, தன்முனைப்பு முகாம் எனப் பல நடவடிக்கைகள் நடைபெற்று வருகின்றன. ஆயினும், அவற்றால் எத்தனை இளையோர் காக்கப்பட்டனர் எனும் வினாவிற்கு விடை காண்பது எளிதன்று. அவ்விடையைக் காணும் வழிமுறைகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஜொகூரில் கெஜோரா வட்டார மேம்பாட்டு வாரியத்தால் உருவாக்கப்பட்டு, செம்பனைத் தோட்டங்கள் சூழ அமைந்துள்ள பண்டார் தெங்காரா போன்றதொரு சிறுநகரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

எதனை அளப்பது?

நடவடிக்கை அறிக்கைகளில் பெரும்பாலும் காணப்படுவது பங்கேற்றோர் எண்ணிக்கை. இது செயற்பாட்டின் அளவே அன்றிப் பயனின் அளவு அன்று. அடுத்து அளக்கப்படுவது அறிவு. சொற்பொழிவுக்கு முன்னும் பின்னும் வினாநிரல் கொடுத்தால் மதிப்பெண் உயர்வது இயல்பே. ஆனால், அறிந்தவர் அனைவரும் அதன்படி ஒழுகுவர் என்பதற்கு உறுதி இல்லை. உண்மையான அளவை என்பது நடத்தையே: முதன்முறை பயன்படுத்தியோர் எத்தனை பேர்? கடந்த 30 நாள்களில் பயன்படுத்தியோர் எத்தனை பேர்?

இதற்கு அமெரிக்காவின் 'டேர்' திட்டம் தக்க சான்றாகும். 1983இல் லாஸ் ஏஞ்சலிசில் தொடங்கிய இத்திட்டத்தின்வழி காவல்துறையினர் வகுப்பறைக்கே சென்று பாடம் நடத்தினர். பெற்றோரும் பள்ளிகளும் பெரிதும் விரும்பினர். எனினும், 1994இல் வெளிவந்த தொகுப்பாய்வு போதைப்பொருள் பயன்பாட்டில் மிகச் சிறிய விளைவையே கண்டது. 1999இல் வெளிவந்த பத்தாண்டுத் தொடராய்வு, பயிற்சி பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. விருப்பம் வேறு, விளைவு வேறு என்பதை இது உணர்த்துகிறது.

ஒப்பீட்டின் இன்றியமையாமை

பதின்ம வயதில் அகவை கூடுந்தோறும் பயன்பாடும் இயல்பாகவே கூடும். ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம். திட்டம் நடைபெற்ற பள்ளியில், படிவம் 1இல் 100 பேருக்கு 2 பேராக இருந்தது படிவம் 3இல் 5 பேராகிறது. இதனை மட்டும் நோக்குவோர் திட்டம் தோற்றது என்பர். ஆனால், திட்டம் இல்லாத, ஏனையவற்றில் ஒத்த பள்ளியில் அதே காலத்தில் 2 பேர் 8 பேராகியிருப்பின், திட்டம் 100 பேரில் மூவரைக் காத்துள்ளது எனலாம். ஆகவே ஒப்பீட்டுக் குழு இன்றி வெற்றியையும் கூற இயலாது. தோல்வியையும் கூற இயலாது. எப்பள்ளி எக்குழுவில் சேர்வது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தால், ஆர்வமிக்க தலைமையாசிரியர் உள்ள பள்ளிகளே திட்டத்தில் இடம்பெறும் சார்பு நீங்கும்.

நல்லெண்ணத்துடன் செய்வது தீங்கு தராது எனும் எண்ணமும் ஏற்புடையதன்று. ஐரோப்பாவில் ஏழு நாடுகளில் ஆராயப்பட்டு நற்பயன் காட்டிய 'அன்பிளக்டு' எனும் வகுப்பறைத் திட்டம் பிரேசிலுக்கு ஏற்ப மாற்றியமைக்கப்பட்டது. அங்கு நடைபெற்று 2017இல் வெளிவந்த ஆய்வில், திட்டத்தில் பங்கேற்ற மாணவரிடையே மதுவை முதன்முறை அருந்துதல் கூடியிருந்தது. ஓரிடத்தில் பயன் தந்தது வேறிடத்திலும் பயன் தரும் என அளக்காமல் கொள்ளலாகாது.

விடையின் நம்பகத்தன்மை

வினாநிரலை வகுப்பாசிரியரே திரட்டினால் தண்டனைக்கு அஞ்சி மாணவர் மறைப்பர். பெயர் எழுதாமை, வெளியார் திரட்டுதல், மூடிய உறை ஆகியவை இவ்வச்சத்தைத் தணிக்கும். இல்லாத ஒரு பொருளின் பெயரைப் பட்டியலில் சேர்த்து, அதனையும் பயன்படுத்தியதாகக் கூறுவோரைக் கண்டறியும் உத்தியும் உண்டு. மேலும், பட்டியல் வட்டார நிலையைத் தழுவியிருத்தல் வேண்டும். பசை முகர்தல், கெத்தும் நீர், மின்சிகரெட் முதலியவற்றை விடுத்து ஹெராயினை மட்டும் வினவினால் சிக்கலின் பெரும்பகுதி மறைந்துவிடும்.

தமிழாசிரியர்க்கு இங்குத் தனிப்பங்கு உண்டு. தமிழ்ப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்பிற்குச் செல்லும் மாணவர் மலாய் வினாநிரலைச் சரிவரப் புரிந்துகொள்ளாமல் விடையளிக்கக்கூடும். தமிழாக்கம் செய்து, மீண்டும் மலாய்க்கு மாற்றி ஒப்புநோக்கும் பணியைத் தமிழாசிரியர் செம்மையாகச் செய்ய இயலும்.

விடுபட்டோர்

தொடக்கத்தில் 100 பேரை அளந்து, இரண்டாண்டுக்குப்பின் 85 பேரை மட்டுமே அளந்தால், காணாமற்போன 15 பேர் யாவர் என வினவ வேண்டும். பள்ளியை விட்டு நின்றோரும் அடிக்கடி வாராதோருமே மிகுதியான இடருக்கு உள்ளாகக்கூடியவர்கள். அவர்களை விடுத்துக் கணக்கிட்டால், மாணவர் இடைநிற்பதே திட்டத்தின் வெற்றியாகத் தோன்றும். தோட்டக் குடும்பங்கள் வேலை நாடி இடம்பெயரும் வட்டாரங்களில் இப்பிழை எளிதில் நேரும்.

சிறுநகரின் வரம்பு

பயன்பாடு 10 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாகக் குறைவதை வழக்கமான புள்ளியியல் உறுதியுடன் கண்டறிய, குழு ஒன்றுக்கு ஏறத்தாழ 1,350 மாணவர் தேவை. ஒரே பள்ளி மாணவர் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் இவ்வெண்ணிக்கை மேலும் உயரும். பண்டார் தெங்காரா போன்ற நகர் தனித்து இதனைச் செய்ய இயலாது. 2012, 2017, 2022ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசிய இளையோர் நல ஆய்வுகள் நாடளாவிய ஒப்பீட்டிற்கு உதவும். ஆனால் ஒரு நகரின் நிலையைக் காட்டுதல் அவற்றின் நோக்கம் அன்று. எனவே பல நகர்களின் பள்ளிகள் ஒரே வினாநிரலைக் கையாண்டு தரவுகளை ஒன்றுசேர்த்தலே வழி. தனிப்பள்ளி அளக்கக்கூடியவை வேறு: பாடங்கள் திட்டமிட்டபடி நடந்தனவா? வாராதோர் யாவர்? 'எல்லாரும்தான் பயன்படுத்துகின்றனர்' எனும் தவறான நம்பிக்கை மாணவரிடம் குறைந்ததா?

முடிவுரை

பங்கேற்றோர் எண்ணிக்கையைப் பயனாகக் கொள்ளாமை, ஒப்பீட்டுக் குழு, அச்சமின்றி விடையளிக்கும் சூழல், விடுபட்டோரைப் பின்தொடர்தல், போதிய எண்ணிக்கை ஆகிய ஐந்தும் முறையான அளவீட்டின் அடிப்படைகளாகும். அளவீடு திட்டம் நடத்துவோரைக் குறைகூறுவதற்கு உரியதன்று. பயனற்ற திட்டத்தில் செலவாகும் ஒவ்வொரு பாடவேளையும் பயனுள்ள ஒன்றிற்குக் கிடைக்காமற்போன பாடவேளையாகும். அவ்விழப்பு முதலில் சென்று சேர்வது வகுப்பில் வெறுமையாகக் கிடக்கும் அந்த 15 இருக்கைகளுக்கு உரியோரையே என்பதை ஆசிரியர் உலகம் நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.