மலைப்பூண்டு குழம்புக்குச் சரி. மும்பைத் தொட்டிக்கு எது?

மும்பை: ஊருக்குச் சென்று திரும்பும் தாராவி, செம்பூர் தமிழர்கள் சிலர், கையோடு கொண்டுவரும் கொடைக்கானல் மலைப்பூண்டில் நான்கைந்து பற்களை எடுத்து மாடித் தொட்டியில் ஊன்றிப் பார்ப்பதுண்டு. இலைகள் எழும்பும். ஆனால் மாதங்கள் கடந்தும் மண்ணுக்குள் பூண்டு முறையாகத் திரள்வதில்லை.

காரணம் மண்ணில் இல்லை, குளிரில் உள்ளது. பூண்டுப் பல் சில வாரங்கள் குளிரை உணர்ந்த பின்னரே திரளத் தொடங்கும். பகல் பொழுதின் நீளமும் அதனைத் தீர்மானிக்கிறது. அமெரிக்கா, கனடாவில் இலையுதிர் காலத்தில் நடப்படும், பூந்தண்டு விடும் கடினத் தண்டு ரகங்களுக்குக் கடுங்குளிரும் நீண்ட பகலும் தேவை. இந்தியாவில் நீண்ட பகலை நாடும் 'அக்ரிஃபவுண்ட் பார்வதி' ரகம் வடக்கு மலைப்பகுதிகளுக்கே பரிந்துரைக்கப்படுகிறது. மும்பையிலோ ஜனவரி இரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. டிசம்பர் பகல் 11 மணி நேரம்தான்.

ஆகவே நடுவதற்குச் சமவெளி ரகமே ஏற்றது. நாசிக்கைச் சார்ந்த தேசிய தோட்டக்கலை ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அறக்கட்டளையின் 'யமுனா சஃபேத்' ரகத்தில் ஒரு பூண்டுக்கு 25 முதல் 30 பற்கள் இருக்கும். அதே நிறுவனத்தின் ஜி-282 ரகத்தில் 15 முதல் 18 பற்களே, ஆனால் பருமனானவை. புனே அருகே ராஜ்குருநகரில் உள்ள ஆராய்ச்சி மையம் ஊதா நிறத் தோலுடைய 'பீமா பர்ப்பிள்' ரகத்தை வெளியிட்டுள்ளது.

மழை ஓய்ந்த பிறகு, அக்டோபர் கடைசி முதல் நவம்பர் வரை நடலாம். பெரிய பற்களைத் தோலுரிக்காமல், கூர்முனை மேல்நோக்கி இருக்குமாறு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்ற வேண்டும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். சுமார் நான்கரை மாதத்தில் இலை பழுத்துச் சாயும். அதற்கு இரு வாரம் முன்பே நீரை நிறுத்திவிட வேண்டும். பூண்டு திரளாவிட்டாலும் இழப்பில்லை: குஜராத்தி வீடுகளில் உந்தியுவுக்குச் சேர்க்கும் பச்சைப் பூண்டு இந்த இளந்தாள்தான்.

சமையலில் கணக்கு வேறு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு காரமும் மணமும் மிக்கது. பூண்டுக் குழம்புக்கும், பிள்ளை பெற்றவர்களுக்குக் காய்ச்சும் பூண்டுப் பாலுக்கும் அதனைத் தேடி வாங்குவோர் உண்டு. ரசத்திற்குத் தோலோடு தட்டிப் போட விலை குறைந்த பொடிப் பூண்டே போதும். பல்லை நசுக்கினால்தான் அதன் காரமான வேதிப்பொருளான அல்லிசின் உருவாகும் என்பதால், நசுக்கிச் சில நிமிடங்கள் வைத்திருந்து சேர்ப்பது நல்லது.

வெறும் 'மலைப்பூண்டு' என்ற பெயரை நம்பிக் கூடுதல் விலை கொடுப்பதில்தான் எச்சரிக்கை தேவை. புவிசார் குறியீடு கொடைக்கானல் மலையில் விளைந்ததற்கு மட்டுமே உரியது. பூம்பாறை, மன்னவனூர் போன்ற சிற்றூர்களில் விளைந்து, பெரியகுளம் அருகேயுள்ள வடுகபட்டிச் சந்தைக்கு வருவது அதுவே.