மெட்டும் ஏடும்

பாட்டுக்கு இரண்டு வாழ்வு உண்டு. ஒன்று பாடுவோர் மிடற்றில் வாழும் வாழ்வு. மற்றொன்று ஏட்டில் வாழும் வாழ்வு. முன்னையது தோட்டத்துக்கு உரியது. பின்னையது பட்டினத்துக்கு உரியது. இரண்டுக்கும் நடுவே, கொழும்புப் புகைவண்டிப் பாதையில் அமைந்த வட்டவளையிலே தமிழ் கற்பிக்கும் யான் நெடுநாளாக எண்ணிவருவதொன்றை இங்கே கூற விழைகின்றேன்.

எம்மூர் மழைக்குப் பேர்போனது. ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேற்பட்டுப் பெய்யும். அம்மழையிலே கொழுந்து கொய்வாரிடையே தெம்மாங்கு பிறந்தது. லயத்துக் காம்பராவிலே தாலாட்டும் ஒப்பாரியும் பிறந்தன. மாசியிலே காமன்கூத்துக்குத் தப்பு முழங்கும். இப்பாட்டுகளை இயற்றியோர் பெயரை எவரும் எழுதிவைத்திலர்.

கொழும்புக்குச் செல்லுந்தோறும் புத்தகசாலைகளில் ஏறி இறங்குவது என் வழக்கம். மலையகத்தார் நூல் கண்ணிற் பட்டால் உள்ளம் பூரிக்கும். அவற்றுள் தலையாயது சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தொகுத்து 1983இல் வெளிவந்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’. தோட்டத்திலே பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான அவர், தோட்ட மக்களின் துயரை ஆங்கிலக் கவிதையாக்கி 1954இல் உலகறியச் செய்தார். 1984இல் அவர் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டிலேனும் அத்தொகுப்பு அச்சேறியது நம் நற்பேறு.

எனினும் அச்செழுத்து சொல்லைக் காக்குமேயன்றிக் குரலைக் காவாது. இதனை அறிந்தே போலும், பழைய பாட்டுப் புத்தகக்காரர் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இன்ன பாட்டின் மெட்டு என்று குறித்தனர். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார், 1939இல் அரசாங்க வேலைகளிலிருந்து இந்தியர் நீக்கப்பட்டதை அடுத்து, 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் பாட்டு நூலை வெளியிட்டார். கூட்ட மேடைகளில் தாமே பாடினார். மக்கள் அறிந்த மெட்டிலே புதுச் சொல்லை ஏற்றியமையால், எழுத்தறியாதாரும் கேட்ட அளவில் அப்பாட்டை வீட்டுக்குக் கொண்டு சென்றனர்.

இன்று என் மாணவர் சிலர், தோட்டப் பாட்டும் இலக்கியம் ஆகுமோ என வினவுகின்றனர். கொழும்புக் கடைகளில் வேலைக்குச் சென்று மீளும் இளைஞரோ தம் பாட்டியின் பாட்டைச் சொல்லவும் நாணுகின்றனர். அவர்க்கு யான் கூறும் விடை இது: உலக்கையிடிப்பார் பாடும் வள்ளைப்பாட்டை இளங்கோவடிகள் சிலம்பில் ஏற்றார், ஆய்ச்சியர் குரவையையும் ஏற்றார். பண்ணத்தி என்றொரு வகையைத் தொல்காப்பியரும் கூறினார். அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்தைப் புலவர் அவையேற்றினார். பாரதியார் கும்மியையும் சிந்தையும் நாட்டுக்காகப் பாடினார். இவர்கள் எவரும் நாணவில்லை. நாம் ஏன் நாணுதல் வேண்டும்?

புலவர்க்கும் ஒரு சொல். ‘போறேன்’ என்று பாடப்படுவதைப் ‘போகின்றேன்’ எனத் திருத்தி எழுதினால் சொல் செம்மையுறும், தாளமோ முடமாகும். வாய்மொழிப் பாட்டிலே வழூஉத் தேடுதல், ஓடும் ஆற்றிலே கோணல் தேடுதல் போலாம். கேட்டது கேட்டபடியே எழுதுக; பாடியவர் யார், எத்தொழிலின்போது, எம்மெட்டில் என்பனவும் உடன் எழுதுக.

நாடாவில் ஒலியைப் பதிய வானொலி நிலையத்தை நாடிய காலம் போயிற்று. இன்று மாணவர் கையிலுள்ள தொலைபேசியே பாட்டைக் குரலோடு பதிந்து தரும். ஆனால் பாடத்தக்க முதியோர் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. ஒரு பாட்டி மறையும்போது அவர் மட்டும் அறிந்த மெட்டும் மறைகின்றது. அதனை எந்நூலகத்தாலும் மீட்டுத்தர இயலாது. ஆகலின் மலையகத்து ஆசிரியர் ஒவ்வொருவரும் இவ்விடுமுறையிலேனும், மாணவர்க்கு ஒரு பாட்டு வீதம் கேட்டுப் பதிந்து வருமாறு பணிப்பாராக. ஏடு பின்னர் எழுதலாம். குரல் இப்பொழுதே வேண்டும்.