பட்டு நூற்கும் இரு பூச்சிகள்

கலியாண மாதங்களில் பூவிருந்தவல்லி வழியாகக் காஞ்சிபுரத்திற்குப் பட்டெடுக்கச் செல்லும் குடும்பங்கள் பல. அவர்களது கொல்லையில் மாமரம் நின்றால் ஆங்கேயும் பட்டு நெய்யப்படக்கூடும் என்பதைச் சிலரே அறிவர்.

பட்டுப்பூச்சி அந்துப்பூச்சி இனத்தைச் சார்ந்தது. முசுக்கொட்டை இலையை ஏறத்தாழ 25 நாட்கள் ஓயாது தின்னும் அதன் புழு, பின்னர் 1,000 மீட்டர் அளவுள்ள ஒரே இழையால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கிறது. பூச்சி வெளிவந்தால் இழை அறுந்துவிடும். ஆதலின் அதற்குமுன் கூட்டை ஆவியிலிட்டு உள்ளிருப்பதைக் கொன்றுவிடுகின்றனர். முட்டைக்கென விடப்படுபவை மட்டுமே சிறகு பெறுகின்றன. பெற்றும் என்ன பயன்? ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதன் கையில் வளர்ந்தமையால் அவற்றால் பறக்க முடிவதில்லை. உண்பதுமில்லை. சில நாட்களில் முட்டையிட்டு மடிகின்றன.

இனி முசுறு எனப்படும் செவ்வெறும்பு. எறும்பின் சுறுசுறுப்பைப் பற்றி நாம் மேடைதோறும் பேசியாயிற்று. ஈண்டு சொல்லவந்தது வேறு. இவ்வெறும்புகள் ஒன்றின் இடையை மற்றொன்று கவ்விச் சங்கிலியாக நின்று, பச்சை இலைகளை இழுத்துச் சேர்க்கின்றன. வேறு சில, தம் இளம்புழுக்களை வாயில் ஏந்தி வந்து, தறியில் நாடா ஓடுவதுபோல் இலையோரங்களுக்கிடையே அங்குமிங்கும் அசைக்கின்றன. புழு விடும் பட்டிழை இலைகளைத் தைத்துவிடுகிறது. தன் பட்டையெல்லாம் பொதுவீட்டிற்குத் தந்துவிட்ட புழு, தனக்கென ஒரு கூடுமின்றியே எறும்பாக வளர்கிறது. பட்டுப்புழு தன்னை மூடிக்கொள்ளச் சுரக்கும் பொருளை இது பிறருக்காகச் சுரக்கிறது!

இவ்விரண்டையும் பயன்படுத்தக் கற்றவர் சீனர். எலுமிச்சை இனத் தோட்டங்களில் பூச்சிகளை ஒழிக்க முசுற்றுக் கூடுகளைச் சந்தையில் வாங்கிக் கட்டியதாகக் கி.பி. 304-ஐ ஒட்டிய சீன நூல் கூறுகிறது. நம்மவரோ கடிக்கு அஞ்சித் தீவட்டியைத் தேடுகின்றனர். கடி கொடியதுதான்; இனிப்புநீர் வேண்டி, சாறு உறிஞ்சும் சில பூச்சிகளை முசுறு பேணுவதும் உண்மையே. ஆயினும் மாவைக் கெடுக்கும் புழுக்கள் பலவற்றை அது வேட்டையாடுவதால், கொளுத்துமுன் சற்று எண்ணலாம் என்பதே நம் கருத்து.

மனிதனின்றிப் பட்டுப்பூச்சி வாழாது. முசுற்றிற்கு மனிதன் வேண்டுவதில்லை; மரம் வேண்டும். அம்பத்தூரிலும் ஆவடியிலும் தோப்புகள் பல மனைகளாகிவிட்டன. எஞ்சிய மாவொன்று வெட்டுண்டு சாயும்போது நின்று பாருங்கள்: கிழிந்த கூட்டிலிருந்து எறும்புகள், நூற்கும் அப்புழுக்களை வாயில் கவ்வியவாறே, அடுத்த மரத்தைத் தேடி ஓடும்.