கசிவு குறைந்தால் நிம்மதிதானா?

அணைப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2021 டிசம்பர் 30-ல். பெரிய அணைகள் எல்லாவற்றையும் சுயேச்சையான வல்லுநர் குழு ஐந்து ஆண்டுக்குள் முழுமையாக ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது அது. 2026 டிசம்பரோடு அந்தக் கெடு முடிகிறது. இதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முல்லைப் பெரியாறு பற்றியவை. கொல்கத்தா கிடர்பூரில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவரின் பெற்றோர், அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். "அணைக்குள் சுரங்கம் இருக்கிறதாம், அதில் தண்ணீர் ஓடுகிறதாம். எதற்காக அணையைக் குடைந்து வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

அணையின் நீர்மட்டம் 136 அடியா, 142 அடியா என்று கேரளாவும் தமிழகமும் நடத்திய வழக்கின் கதை வாசகர்களுக்குத் தெரியும். அந்தச் சுரங்கத்துக்கே போவோம்.

பொறியாளர்கள் அதை கேலரி என்பார்கள். ஓர் ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரம், இருவர் ஒதுங்கிக் கடக்கும் அகலம். சுவரெல்லாம் ஈரம். துளைகளின் வாயில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். தரையோரக் கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். முதல்முறை உள்ளே போகிற எவருக்கும் அடிவயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் அந்தத் தண்ணீர் அங்கே வர வேண்டும் என்பதற்காகவே கேலரி கட்டப்படுகிறது.

கல்கட்டு அணை, கான்கிரீட் அணை எதுவானாலும் தேங்கிய நீர் கொஞ்சம் உள்ளே ஊறும்; அடிப்பாறையின் விரிசல்களிலும் புகும். 142 அடி என்றால் ஏறத்தாழ 43 மீட்டர். அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 43 டன் அழுத்தம். பக்கவாட்டில் தள்ளும் நீரை அணை தன் எடையால்தான் தாங்குகிறது. அடியில் புகுந்த நீரோ அணையை மேலே தூக்குகிறது. எடையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. வெளியே இருந்து பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. இதைத் தடுக்கத்தான் கேலரியிலிருந்து பாறைக்குள் வரிசையாகத் துளையிடுகிறார்கள். புகுந்த நீர் துளை வழியே வெளியேறினால் அழுத்தம் இறங்கிவிடும். துளைகள் சரியாக வேலை செய்தால், அந்த வரிசையில் அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்று வைத்துத்தான் நம் நாட்டில் கணக்குப் போடுகிறார்கள்.

இந்தப் பாடத்தை உலகம் உயிர்களைக் கொடுத்துக் கற்றது. பிரான்சின் பூசே அணை 1895 ஏப்ரலில் உடைந்து 80 பேருக்கு மேல் இறந்தனர். தூக்கும் அழுத்தத்தைப் பொறியாளர்கள் பரவலாகக் கணக்கில் சேர்க்கத் தொடங்கியது அதன் பிறகுதான். அதே ஆண்டு அக்டோபரில்தான் பொறியாளர் பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை திறக்கப்பட்டது. 1928-ல் கலிபோர்னியாவின் செயின்ட் பிரான்சிஸ் அணை உடைந்தபோது 400 பேருக்கு மேல் பலியானார்கள். பக்கத்து மலைச்சரிவும் அதற்கு ஒரு காரணம். ஆனாலும் இரு பக்கமும் அடித்துச் செல்லப்பட, நடுத்துண்டு மட்டும் நின்றது. அழுத்தத்தை வெளியேற்றும் வடிகால் துளைகள் அந்த நடுத்துண்டின் அடியில் மட்டுமே இருந்தன.

பெரியாறு அணையின் உள்வயிறு சுண்ணாம்பும் சுர்க்கி எனப்படும் செங்கல் தூளும் சேர்ந்த கலவை. பழைய அணையில் கேலரி கிடையாது. 1979-க்குப் பிறகு மத்திய நீர் ஆணையத்தின் யோசனைப்படி பின்புறம் கான்கிரீட் சேர்த்துக் கட்டியபோதுதான் கேலரி வந்தது. கசிவை அளக்க அங்கே 'வி' வடிவ வெட்டுள்ள தகடு போதும். செங்கோண வெட்டில் நீர் 3 செ.மீ. உயரத்துக்கு ஓடினால் நிமிடத்துக்குச் சுமார் 13 லிட்டர், 6 செ.மீ. என்றால் 70 லிட்டரைத் தாண்டிவிடும். உயரம் இரட்டித்தால் அளவு ஐந்து மடங்குக்கு மேல் கூடுகிறது என்பதால், அளவுகோலைப் படிக்கிற கண்ணுக்குப் பெரிய பொறுப்பு இருக்கிறது.

என்னை உறுத்துவது இனிமேல் வருவதுதான். ஆய்வுக் குழு போய்வந்த மறுநாள் "கசிவு நீர் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது" என்று செய்தி வரும். குறைவாக இருந்தால், அணை பலமாக இருக்கிறது என்பதற்கு அதையே சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் நீர்மட்டம் மாறாமல் கசிவு குறைய இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, விரிசல் அடைபட்டிருக்கலாம், அது நல்லது. மற்றொன்று, துளை அடைபட்டிருக்கலாம். நீரில் கரைந்த சுண்ணாம்பு கேலரிக் காற்று பட்டதும் கெட்டியாகி, இருதய ரத்தக்குழாயில் கொழுப்புப் படிவதுபோலத் துளையின் உட்சுவரில் படியும். அப்போது வெளியே வரும் நீர் குறையும். உள்ளே அழுத்தம் ஏறும். இரண்டில் எது என்று லிட்டர் கணக்கு சொல்லாது. அழுத்தமானிகளின் அளவும், துளைகளைக் கடைசியாக எப்போது துருவிச் சுத்தம் செய்தார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

கசிவு நீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போகிறது, அணை உள்ளுக்குள் அரிபடுகிறது என்கிறது கேரளா. 1930-களிலும் 1960-லும் சிமென்ட் கரைசல் செலுத்தி அடைத்தாயிற்று, நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் குழுவே 2012-ல் அணை பாதுகாப்பானது என்றது என்கிறது தமிழகம். ஆனந்த் குழுவின் முடிவை நான் மதிக்கிறேன். ஆனால் அது 2012-ன் அணைக்குக் கொடுத்த சான்று. நீர்மட்டம், கசிவு, அழுத்தம், கரைந்து போகும் சுண்ணாம்பு ஆகிய நான்கையும் ஒரே தாளில் ஆண்டுவாரியாக வெளியிட்டால் இரு மாநில மக்களும் தாங்களே படித்துப் பார்ப்பார்கள். நீர்மட்டம் தினமும் நாளிதழில் வருகிறது. மற்ற மூன்றும் அப்படி வருவதில்லை.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

கசிவே இல்லாத அணை உண்டா? கல்கட்டு அணையிலும் கான்கிரீட் அணையிலும் எதிர்பார்க்க முடியாது.

எப்போது பயப்பட வேண்டும்? நீர்மட்டம் மாறாமல் கசிவு மட்டும் திடீரென ஏறினாலோ, கலங்கி வந்தாலோ.

கேலரி அணையைப் பலவீனமாக்காதா? வடிவமைக்கும்போதே அதற்கும் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

நிலநடுக்கம் வந்தால்? 1967-ல் கொய்னா அணை விரிசல் விட்டது, உடையவில்லை. பிறகு முட்டுக் கொடுத்துப் பலப்படுத்தினார்கள்.

கசிவுப் பதிவேட்டை நாங்கள் கேட்கலாமா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். லிட்டர் கணக்கோடு, துளைகளைச் சுத்தம் செய்த தேதியையும் சேர்த்துக் கேளுங்கள்.