முதல் ஹெட்போன் ஆம்பிளிபையர்: வாங்குமுன் சில கணக்குகள்



என் தமக்கையின் மகன் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குத் தினமும் கொமுட்டர் ரயிலில் கல்லூரிக்குப் போய் வந்துகொண்டிருந்தான். வார இறுதிகளில் பகுதிநேர வேலை செய்து 400 வெள்ளி சேர்த்து வைத்திருந்தான். ஒரு நாள் என்னிடம் வந்து, "மாமா, காதில் மாட்டினால் பாட்டு எடுபடவே இல்லை. ஹெட்போன் ஆம்பிளிபையர் ஒன்று வாங்கப்போகிறேன். எது நல்லது, சொல்லுங்கள்" என்றான்.

பெருக்கி என்றதும் திருவிழாக் காலத்தில் தென்னை மரத்தில் கட்டும் குழாய்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். நான் இன்று சொல்லப்போவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பெட்டியைப் பற்றியது. கைப்பேசியோ கணினியோ தரும் மெல்லிய மின்சமிக்ஞையை, ஹெட்போனுக்குள் இருக்கும் தகட்டை ஆட்டும் அளவுக்கு வலுவாக்கித் தருவதுதான் அதன் வேலை. கைப்பேசிக்குள்ளும் மடிக்கணினிக்குள்ளும் இதே வேலையைச் செய்யும் சில்லு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே முதற்கேள்வி, உள்ளே இருப்பது நமக்குப் போதாதா என்பதுதான்.

இதற்குப் பதில் ஹெட்போன் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கிறது. இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று ஓம் கணக்கில் வரும் மின்தடை. மற்றொன்று டெசிபெல் கணக்கில் வரும் உணர்திறன். இவ்வளவு மின்சாரம் கொடுத்தால் இவ்வளவு ஒலி எழும் என்பதை அது சொல்கிறது. பலர் ஓம் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, 32 ஓம் என்றால் சுலபம், 300 ஓம் என்றால் கடினம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது பாதிக் கணக்குத்தான்.

முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். பாட்டில் மிகவும் உரத்து ஒலிக்கும் கணத்தில் 110 டெசிபெல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இது தாராளமான அளவு. பாட்டின் சராசரி ஒலி இதைவிட 15, 20 டெசிபெல் கீழேதான் இருக்கும். ஆடியோ டெக்னிகா நிறுவனத்தின் எம்50எக்ஸ் என்ற ஹெட்போன் 38 ஓம். ஒரு மில்லிவாட்டுக்கு 99 டெசிபெல். அதற்கு 0.7 வோல்ட் கொடுத்தால் போதும், 110 டெசிபெல் வந்துவிடும். சென்ஹைசரின் எச்டி 650 என்பது 300 ஓம். ஒரு வோல்ட்டுக்கு 103 டெசிபெல். அதே அளவை எட்ட அதற்குச் சுமார் 2¼ வோல்ட் வேண்டும். வோல்ட் கூடுதல் என்றாலும் செலவாகும் ஆற்றல் 17 மில்லிவாட்டுத்தான். ஓடும் மின்னோட்டம் ஏழரை மில்லிஆம்பியர். மூன்றாவதாக, பிளேனர் வகை ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 25 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 91 டெசிபெல். ஓம் குறைவாயிற்றே, சுலபந்தான் என்று தோன்றும். ஆனால் 110 டெசிபெல்லுக்கு அது ஏறத்தாழ 80 மில்லிவாட் கேட்கிறது. மின்னோட்டம் 56 மில்லிஆம்பியர், அதாவது எச்டி 650 கேட்பதைப்போல் ஏழு மடங்கு. ஒன்றுக்கு வோல்ட் பசி, மற்றதற்கு மின்னோட்டப் பசி.

இனி, நம்மிடம் ஏற்கெனவே உள்ளது எவ்வளவு தருகிறது? 2016இல் ஐபோன் 7 வந்தபோது அதில் ஹெட்போன் துளை இல்லாமல் போயிற்று; பிறகு மற்ற நிறுவனங்களும் அதே வழியில் போயின. அந்தத் துளைக்குப் பதிலாக வந்ததுதான் டாங்கிள் என்று கடைகளில் சொல்லும் சிறு வால் போன்ற கம்பி. ஆப்பிள் நிறுவனம் 9 அமெரிக்க டாலருக்கு விற்கத் தொடங்கிய யுஎஸ்பி-சி கம்பி சுமார் 1 வோல்ட் தருகிறது. ஐரோப்பாவில் விற்பது அதில் பாதிதான் தரும். சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அதன் முழு ஒலியும் வருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த 1 வோல்ட்டில் எம்50எக்ஸ் 113 டெசிபெல் வரை போகும். அதற்கு ஆம்பிளிபையர் வாங்குவது குடத்துக்குள் குடம் வைப்பது போல. எச்டி 650கூட 103 டெசிபெல் உச்சத்தைத் தொடும். சினிமாப் பாட்டுக்கு அது பெரும்பாலும் போதும். மெல்லிய ஒலியில் பதிவான வீணைக் கச்சேரி என்றால் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றும்.

என் மருமகப்பிள்ளை வைத்திருந்தது காதுக்குள் செருகும் 16 ஓம் வகை. அவனுடைய குறை என்னவென்று பார்க்க நானும் ஒரு நாள் அவனோடு ரயிலில் போனேன். காதில் செருகும் ரப்பர் மூடி அவன் காதுக்குச் சிறியது. ஓரத்தில் இடைவெளி, அதன் வழியே கனத்த ஓசைகள் கசிந்து வெளியே போயின, ரயிலின் இரைச்சல் உள்ளே வந்தது. இரைச்சலை வெல்ல அவன் ஒலியை ஏற்றிக்கொண்டே போனான். பெட்டியிலேயே கூட வந்திருந்த பெரிய அளவு ரப்பரை மாட்டினோம். மிருதங்கத்தின் தொப்பி ஓசை திரும்பி வந்தது. ஒலியையும் மூன்று படி குறைத்தான். அந்த நிலையில் அவன் ஆம்பிளிபையர் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்னும் உரக்கக் கேட்டிருப்பான், அவ்வளவுதான்.

இது விளையாட்டுக் காரியமல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பெரியவர்கள் 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. 90 டெசிபெல் என்றால் வாரம் முழுவதற்கும் 4 மணி நேரந்தான். கொமுட்டரில் போய் வரும் ஒருவருக்கு அது இரண்டு நாளில் தீர்ந்துவிடும். உட்செவியில் உள்ள நுண்ணிய மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதர்களுக்கு மீண்டும் முளைப்பதில்லை. பிள்ளைகளுக்கு ஆம்பிளிபையர் வாங்கிக்கொடுக்க நினைக்கும் பெற்றோர் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

சரி, கணக்குப் போட்டுப் பார்த்தாயிற்று, நமது ஹெட்போனுக்கு உண்மையாகவே பெருக்கி தேவைதான் என்றால் எதைக் கவனிப்பது?

விளம்பரங்களில் 1000 மில்லிவாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதன் அருகே சிறிய எழுத்தில் '32 ஓமில்' என்று இருக்கும். அதே பெட்டி 300 ஓமில் ஏறக்குறைய 107 மில்லிவாட்தான் தரும். அதுவும் நாம் முன்பு கணக்கிட்ட 17ஐவிட ஆறு மடங்கு. ஆகவே பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்த 1000ஐப் பார்த்து மயங்கவும் வேண்டியதில்லை.

வெளியீட்டு மின்தடை என்று ஒன்று உண்டு. அது உங்கள் ஹெட்போனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருப்பது நல்லது. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓமுக்குக் கீழ். இது கூடினால் ஹெட்போனின் குணமே மாறும்: சில சுருதிகள் உப்பிக் கேட்கும், சில அமுங்கும். பழைய ஸ்டீரியோ பெட்டிகளில் ஹெட்போன் துளைக்கு முன்னால் 100 ஓமுக்கு மேற்பட்ட தடையை வைத்திருப்பார்கள். அதில் இன்றைய காதுக்குள் செருகும் வகையைச் செருகிவிட்டு ஹெட்போனைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

கூட்டியும் குறைத்தும் வைக்கும் பெருக்கச் சுவிட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். என் பார்வையில் வாட் கணக்கைவிட இது முக்கியம். பெருக்கம் மிகுதியாக இருந்தால், குமிழைக் கொஞ்சம் திருப்பிய உடனே ஒலி காதைப் பிளக்கும். குமிழின் தொடக்கப் பகுதியில் பல மலிவான கருவிகள் ஒரு காதுக்கு அதிகமும் மறுகாதுக்குக் குறைவுமாக ஒலி தருவதும் உண்டு. பாட்டே போடாமல் காதில் மாட்டிப் பார்த்து, 'உஸ்' என்ற இரைச்சல் கேட்கிறதா என்றும் சோதியுங்கள்.

குறைந்த விலையில் நல்ல கருவி கிடைக்காது என்ற எண்ணம் பழையது. சூ மோய் என்பவர் வகுத்த எளிய மின்சுற்று ஒன்றை ஆர்வலர்கள் பெப்பர்மிண்ட் மிட்டாய்த் தகர டப்பாவுக்குள் வைத்துச் செய்துகொண்டார்கள். 2011இல், தம் பெயரை வெளியிடாத ஒருவர் ஓ2 என்ற ஆம்பிளிபையரின் வரைபடத்தையும் அளவீடுகளையும் யாரும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டார். மறு ஆண்டே எழுதுவதை நிறுத்திக் காணாமல் போனார். 2012இல் ஷீட் நிறுவனத்தின் மாக்னியும், 2018இல் ஜேடிஎஸ் லேப்ஸின் ஆட்டமும் 99 அமெரிக்க டாலர் விலையில் வந்தன. அந்த விலையில் அளவுகோலுக்குக் குறைசொல்ல ஒன்றுமில்லாத கருவியைச் செய்யலாம் என்று அவை காட்டிவிட்டன. சூட்டுக்கோல் பிடிக்கத் தெரிந்தவர்கள் கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் பாகங்களை வாங்கி, வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், அமெரிக்காவில் 120. கைப்பேசி சார்ஜர் எந்த நாட்டிலும் வேலை செய்கிறதே என்று எண்ணாதீர்கள். இந்தச் சிறு ஆம்பிளிபையர்கள் சிலவற்றுக்குப் பழைய பாணி டிரான்ஸ்பார்மர்தான் வரும். 120 வோல்ட்டுக்குச் செய்ததை இங்கே செருகினால் புகைந்துவிடும். வாங்கும்போதே 230 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள். மூன்று கால் பிளக்கில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது உங்கள் ஹெட்போனையும், நீங்கள் நன்கு பழகிய பாட்டையும் கொண்டு போங்கள். இரண்டு கருவிகளை ஒப்பிட்டால் ஒலி அளவைச் சமமாக வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதைக் காது 'கூடுதல் தெளிவு' என்றே எடுத்துக்கொள்ளும். விற்பவரின் கை குமிழில் இருந்தால், உங்கள் காது அவர் சொல்வதைத்தான் கேட்கும்.

4.4 மில்லிமீட்டர் துளை, வெற்றிடக் குழாய் முதலியவற்றை முதல் கருவியில் தேட வேண்டாம் என்பது என் கருத்து. பணம் மீந்தால் ஹெட்போனில் போடுங்கள். கேட்கும் ஒலியில் பெரிய வேறுபாட்டைத் தருவது அதுதான்.

மருமகப்பிள்ளையின் 400 வெள்ளி அப்போது செலவாகவில்லை. படிப்பு முடிந்து வேலைக்குப் போனபிறகு, பழைய எச்டி 650 ஒன்றை நண்பனிடம் வாங்கினான். அதற்குப் பிறகே, 2 வோல்ட்டுக்குச் சற்று மேலே தரும், இரு நிலைப் பெருக்கச் சுவிட்ச் உள்ள யுஎஸ்பி கருவி ஒன்றை எடுத்தான். சுவிட்ச் கீழ்நிலையில்தான் இருக்கிறது. இரவில் குமிழ் பாதியைத் தாண்டுவதில்லை. மீதிப் பணத்தில் ஹெட்போனுக்குப் புதுக் காதுமெத்தை ஒரு சோடி வாங்கினான். பழைய மெத்தை சப்பையாகிப் போயிருந்ததாம்.